பழவேற்காட்டு மீன்பிடித் தொழிலுக்கான அரசு மானியங்கள்

பழவேற்காட்டு மீன்பிடித் தொழிலுக்கான அரசு மானியங்கள் என்பவை, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் படகு, வலை, இயந்திரம், குளிர்காப்புப் பெட்டி, நண்டு அல்லது இறால் வளர்ப்பு முதலியவற்றில் செய்யப்படும் முதலீட்டுச் செலவின் ஒரு பகுதியை நடுவண் அரசும் மாநில அரசும் ஏற்கும் திட்டங்கள் ஆகும். இந்த ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் மீன் பிடிக்கலாம் என்பது தொடர்பாகக் கிராமங்களுக்கிடையே நீண்டகாலப் பிணக்குகள் உள்ளன. எனவே இங்கு மானியம் பெறுவதும், பெற்ற மானியத்தைக் கொண்டு தொழில் செய்வதும் ஒன்றல்ல. மானியத்தை அரசு வழங்குகிறது. மீன்பிடி இடத்தை ஊர் வழங்குகிறது.

ஏரியும் மக்களும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தெற்கிலுள்ள சிறுபகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆந்திரப் பகுதி முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஏரியையும் வங்காள விரிகுடாவையும் சிறீஅரிக்கோட்டாத் தீவு பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் ஏரியில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியின் வழியாகச் செல்கிறது.

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வந்து செல்வதால் இறால், மடவை, கொடுவா, நண்டு முதலியவை இங்கு வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபடும் ஆண்டுகளில் இவற்றின் வரவு குறைகிறது. படகுகள் கடலுக்குச் செல்வதும் கடினமாகிறது. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது மீனவக் கிராமங்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்துள்ளது.

பட்டினவர் சமூகத்தினர் மரபுவழி மீனவர்கள் ஆவர். இவர்களைத் தவிர இருளர், ஆதிதிராவிடர், முசுலிம்கள் ஆகியோரும் ஏரியை நம்பி வாழ்கின்றனர். இருளர் பலர் படகும் பெருவலையும் இன்றி, ஆழம் குறைந்த நீரில் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மீன் விற்பனையிலும் உலர்த்துவதிலும் பெண்களின் பங்கு பெரிது. 1970களை ஒட்டி சிறீஅரிக்கோட்டாவில் விண்வெளி ஏவுதளம் அமைக்கப்பட்டபோது தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் சிலவும் ஏரிக்கரையில் குடியேறின.

பாடு முறை

பாடு என்பது மீன்பிடி இடத்தையும் முறையையும் பங்கிட்டுக் கொள்ளும் மரபு ஏற்பாடு ஆகும். பழவேற்காட்டின் தெற்குப் பகுதியில் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று கிராமங்கள் பாடு உரிமை கொண்டவையாக மரபில் கருதப்படுகின்றன. கழிகளை நட்டுக் கட்டும் சுத்துவலை கொண்டு இறால் பிடிப்பதற்கே இம்முறை முதன்மையாகப் பயன்படுகிறது.

எல்லா இடங்களிலும் ஒரே அளவு இறால் கிடைப்பதில்லை. முகத்துவாரத்துக்கு அருகில் நீரோட்டம் உள்ள இடங்களில் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாதிருக்க, கிராமங்கள் முறைவைத்து இடங்களை மாற்றிக்கொள்கின்றன. கிராமத்துக்குள் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முடிவு செய்கின்றனர். ஊர்வரி செலுத்தும் தலைக்கட்டு ஒவ்வொன்றும் இதில் பங்கு பெறும். விதியை மீறுவோருக்கு ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும்.

இம்முறையால் ஒரே இடத்தில் பலர் வலை கட்டிச் சண்டையிடுவது தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில், பாடு உரிமை பிறப்பாலும் ஊராலும் வருவதால் ஏனைய சமூகத்தினர் நல்ல இடங்களிலிருந்து விலக்கப்படுகின்றனர். ஏற்றுமதியால் இறால் விலை உயர்ந்த பின்னர் புதிய கிராமங்களும் பிற சமூகத்தினரும் பங்கு கேட்டனர். இது பலமுறை மோதலுக்கும் அமைதிப் பேச்சுகளுக்கும் வழிவகுத்தது. பாடு ஊர் வழக்காகவே நடைமுறையில் உள்ளது. மானிய விண்ணப்பப் படிவங்களில் அதற்கு இடம் இல்லை.

பிற பிணக்குகள்

பாடு தவிர மேலும் சில பிணக்குகளும் இப்பகுதியின் முதலீட்டைப் பாதிக்கின்றன.

மாநில எல்லை: ஏரியின் நீர்ப்பரப்பில் எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டு மீனவர்களுக்கும் ஆந்திர மீனவர்களுக்கும் இடையே எல்லை தொடர்பான தகராறுகள் அவ்வப்போது ஏற்படுகின்றன. இத்தகைய வேளைகளில் படகும் வலையும் பிடித்து வைக்கப்படும் ஆபத்து உண்டு.

இறால் பண்ணைகள்: 1990களில் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக் கழிவுநீர் ஏரியையும் குடிநீரையும் கெடுப்பதாக எதிர்ப்பு எழுந்தது. 1996 திசம்பர் 11 அன்று எசு. ஜெகந்நாதன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சிலிக்கா, பழவேற்காடு ஆகிய ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005 இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. கரையோரப் பண்ணைகள் இவ்வாணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்.

தொழிற்சாலைகளும் துறைமுகங்களும்: எண்ணூரில் 2001 இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அருகே காட்டுப்பள்ளியிலும் பின்னர் ஒரு துறைமுகம் அமைந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வடக்கு நோக்கி விரிவாக்கும் திட்டம், கடலரிப்பைக் கூட்டி ஏரியைப் பாதிக்கும் எனப் பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் எதிர்த்து வந்துள்ளன.

பறவைகள் புகலிடம்: ஏரியின் பகுதிகள் இரு மாநிலங்களிலும் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டுள்ளன. எனவே கரையில் கட்டடம், குளம் முதலியவற்றை அமைக்க மீன்வளத் துறையின் ஒப்புதல் மட்டும் போதாது. வனத்துறையின் விதிகளும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும்.

மானியம், கடன், நிவாரணம்

இம்மூன்றும் பேச்சு வழக்கில் ‘அரசுப் பணம்’ என்று ஒன்றாகவே குறிக்கப்பட்டாலும் வெவ்வேறானவை.

மானியம்: முதலீட்டுச் செலவில் அரசு ஏற்கும் பங்கு. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் குறிப்பிட்ட பொருளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கடன்: வங்கி வழங்குவது. வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். உழவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. வலை, எரிபொருள், பனிக்கட்டி, தீவனம் முதலிய நடைமுறைச் செலவுகளுக்கு இது பயன்படும்.

நிவாரணம்: வருமானம் இல்லாத காலத்தில் குடும்பச் செலவுக்கு வழங்கப்படுவது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். தமிழ்நாட்டில் 2024 முதல் இத்தடைக்கால நிவாரணம் குடும்பம் ஒன்றுக்கு ரூ.8,000 ஆக வழங்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் 2025 இல் கடல் மீனவர் குடும்பங்களுக்கு ரூ.20,000 வழங்கப்பட்டது. ஒரே ஏரியின் இரு கரைகளிலும் வாழும் மீனவர்கள் இவ்வாறு வெவ்வேறு தொகைகளைப் பெற்றனர்.

நிவாரணத்தை முதலீடாகக் கருதுவது தவறு. அதேபோல் மானியத்தை வருமானமாகக் கருதுவதும் தவறு. மானியத்துடன் வாங்கிய படகுக்கும் எஞ்சிய தொகையை மீனவரே கட்ட வேண்டும்.

முதன்மைத் திட்டங்கள்

பிரதம மந்திரி மத்சய சம்பதா திட்டம்: 2020 மே மாதத்தில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று தொடங்கப்பட்டது. மொத்த மதிப்பீடு ரூ.20,050 கோடி. முதலில் 2024-25 வரை ஐந்து ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டு, பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. மரபுவழி மீனவர்களுக்கு மாற்றுப் படகும் வலையும், மீன் வளர்ப்புக் குளங்கள், கூண்டு வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு, பனிக்கட்டி நிலையம், குளிர்காப்புப் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனம், மீன் விற்பனை நிலையம் ஆகியன இதில் அடங்கும்.

இத்திட்டத்தில் தனிப் பயனாளிக்கு வழங்கப்பட்ட மானியம், பொதுப் பிரிவினருக்கு அலகுச் செலவில் 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடும் ஆகும். தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மானியத் தொகையை நடுவண் அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன.

பிரதம மந்திரி மத்சய கிசான் சம்ருதி துணைத் திட்டம்: 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது. 2023-24 முதல் 2026-27 வரையான காலத்துக்கு ரூ.6,000 கோடி மதிப்பிடப்பட்டது. மீன்வளக் குறுந்தொழில்களை முறைசார்ந்த தொழில்களாக மாற்றுவதே இதன் நோக்கம். இதற்காகத் தேசிய மீன்வள எண்ணிம மேடை என்னும் இணையப் பதிவேடு 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

தமிழ்நாடு மீனவர் நல வாரியம்: 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. இது முதலீட்டு மானியம் வழங்கும் அமைப்பு அன்று. விபத்து, கல்வி, திருமணம் முதலியவற்றுக்கு உதவி வழங்குகிறது. எனினும் இதன் உறுப்பினர் அட்டை, ஒருவர் மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டுள்ளார் என்பதைக் காட்ட உதவும் ஆவணமாகும்.

விண்ணப்பிக்கும் முறை

தமிழ்நாட்டுப் பகுதியில் உள்ளோர் பொன்னேரியில் இயங்கும் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். ஆந்திரப் பகுதியில் உள்ளோர் அம்மாநில மீன்வளத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறை பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

1. துறை ஓர் ஆண்டுக்கான இலக்கை அறிவித்து விண்ணப்பங்களைக் கோருகிறது. இலக்கு குறைவாகவும் விண்ணப்பங்கள் கூடுதலாகவும் இருப்பின் மூப்பு அல்லது முன்னுரிமை அடிப்படையில் பயனாளிகள் தேர்வு செய்யப்படுவர்.

2. விண்ணப்பதாரர் திட்டத்தின் செலவு, இடம், எதிர்பார்க்கும் வருமானம் ஆகியவற்றைக் குறிப்பிடும் திட்ட அறிக்கையை அளிக்கிறார். பெரிய முதலீடுகளுக்கு விரிவான திட்ட அறிக்கை தேவை.

3. துறை அலுவலர் இடத்தையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்கிறார்.

4. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு விண்ணப்பங்களை ஆராய்கிறது. பின்னர் அவை மாநில அளவிலான குழுவுக்கும் நடுவண் அரசின் ஒப்புதலுக்கும் செல்கின்றன.

5. ஆணை கிடைத்த பின்னரே பொருளை வாங்க வேண்டும். ஆணைக்கு முன் வாங்கிய பொருளுக்கு மானியம் மறுக்கப்படலாம்.

6. பொருள் வாங்கியதை அல்லது பணி முடிந்ததை அலுவலர் உறுதி செய்த பின் மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஆகவே முழுச் செலவையும் முதலில் திரட்ட வேண்டிய நிலை விண்ணப்பதாரருக்கு ஏற்படலாம்.

தேவைப்படும் ஆவணங்களுள் முதன்மையானவை: ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் அட்டை அல்லது நல வாரிய அட்டை, சாதிச் சான்றிதழ், படகுப் பதிவுச் சான்று, விற்பனையாளரின் விலைப்புள்ளி, வங்கிக் கடன் பெறுவதாயின் வங்கியின் இசைவுக் கடிதம், குளம் அல்லது கட்டடம் எனில் நிலத்தின் பட்டா அல்லது பதிவு செய்த குத்தகை ஆவணம்.

கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

ஃபைபர் படகு, வலை ஆகியவற்றின் அலகுச் செலவு ரூ.5,00,000 எனக் கொள்வோம்.

பொதுப் பிரிவில் வரும் ஆண் மீனவருக்கு 40 விழுக்காட்டின்படி மானியம் ரூ.2,00,000 ஆகும். இதில் நடுவண் அரசின் பங்கு ரூ.1,20,000, மாநில அரசின் பங்கு ரூ.80,000. அவர் திரட்ட வேண்டியது ரூ.3,00,000.

இருளர் ஒருவருக்கு அல்லது பெண்ணுக்கு 60 விழுக்காட்டின்படி மானியம் ரூ.3,00,000 ஆகும். இதில் நடுவண் அரசின் பங்கு ரூ.1,80,000, மாநில அரசின் பங்கு ரூ.1,20,000. திரட்ட வேண்டியது ரூ.2,00,000.

மானியம் அலகுச் செலவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சந்தை விலை ரூ.6,00,000 ஆக இருப்பின் கூடுதலான ரூ.1,00,000 முழுவதும் விண்ணப்பதாரரையே சேரும்.

இக்கணக்கில் ‘பொதுப் பிரிவு’ என்பது பட்டியல் பிரிவுகளில் சேராத அனைவரையும் குறிக்கும். தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் உள்ள பட்டினவரும் இதிலேயே அடங்குவர்.

மானியத்தின் வரம்புகள்

மேலுள்ள கணக்கு தாளில் சரியாக இருக்கும். ஏரியில் அது சரியாக அமைய வேறு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்.

முதலாவது, மீன்பிடி உரிமை. பாடு உரிமை உள்ள ஊரைச் சேர்ந்த பட்டினவருக்கு மானியம் 40 விழுக்காடே எனினும் அவருக்கு வலை கட்ட இடம் உண்டு. இருளருக்கு 60 விழுக்காடு கிடைத்தாலும் பாட்டில் இடம் இல்லை. அவர் வாங்கும் சுத்துவலை கரையிலேயே கிடக்கும். அல்லது அதை இறக்கும் நாளில் தகராறு தொடங்கும். மானியத்தின் விழுக்காட்டை உயர்த்துவதால் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு நீங்குவதில்லை. இதனாலேயே பாடு இல்லாதோருக்கு நண்டு கொழுக்க வைத்தல், மீன் உலர்த்துதல், விற்பனை வாகனம் போன்ற, இடத்துக்குப் போட்டியில்லாத தொழில்கள் பொருத்தமானவையாக உள்ளன. எனினும் இவ்வாறு கரைத் தொழிலுக்கு மட்டும் அவர்களை ஒதுக்குவது, ஏரியில் பங்கு வேண்டும் என்னும் அவர்களது கோரிக்கைக்கு விடை ஆகாது.

இரண்டாவது, படகுகளின் எண்ணிக்கை. 2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஏராளமான ஃபைபர் படகுகளை வழங்கின. பல இடங்களில் படகுகளின் எண்ணிக்கை பேரலைக்கு முன்பிருந்ததை விடக் கூடியது. மீன் அதே அளவு இருக்கப் படகு மட்டும் கூடினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறையும். இடத்துக்கான போட்டி கூடும். பழைய படகுக்கு மாற்றாகப் புதிய படகு என்னும் நிபந்தனையின் பொருள் இதுவே.

மூன்றாவது, இழப்பின் சுமை. பிணக்கினால் படகு பிடிபட்டாலோ வலை அறுக்கப்பட்டாலோ வங்கித் தவணை நிற்பதில்லை. காப்பீட்டு ஆவணத்தில் எவ்வகை இழப்புகள் அடங்கும் என்பதைப் படகு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

எனவே இப்பகுதியில் ஒரு முதலீட்டுக்கு இரு ஒப்புதல்கள் தேவைப்படுகின்றன. ஒன்று அலுவலகத்தில் கோப்பாக நடைபெறுகிறது. மற்றது ஊர்க் கூட்டத்தில் பேச்சாக நடைபெறுகிறது. முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காத முதலீடே பெரும்பாலும் நட்டத்தில் முடியும். தனி ஒருவராக அன்றி, கூட்டுறவு சங்கம் அல்லது மகளிர் சுயஉதவிக் குழு வழியாக விண்ணப்பிப்பதன் நன்மை இங்கேதான் உள்ளது. குழுவுக்குள் பங்கீடு முன்னரே பேசி முடிக்கப்படுகிறது.

பிற நாடுகளில்

பிணக்கு உள்ள இடத்தில் முதலீடு செய்வோருக்கு அரசு மானியம் வழங்குவது சில நாடுகளில் காணப்படும் நடைமுறையாகும். போருக்குப் பின் ஒரு நாட்டில் தொழில்கள் தொடங்கினால் வேலைவாய்ப்பு பெருகி அமைதி நிலைக்கும் என்பது இதன் அடிப்படை.

1613 இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர், தம் வணிக முதலீட்டைப் படைவலிமையால் காத்தனர். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நெதர்லாந்து நாட்டின் அரசு, வளரும் நாடுகளில் முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு மானியத் திட்டம் ஒன்றை 2009 முதல் 2014 வரை நடத்தியது. இதில் திட்டச் செலவில் 50 விழுக்காடு மானியமாக வழங்கப்பட்டது. போரினால் நலிந்த நாடுகளுக்கு அது 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆபத்து கூடிய இடத்துக்கு அரசின் பங்கும் கூட வேண்டும் என்பதே இதன் கருத்து. உள்ளூர்க் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் விதியாக இருந்தது.

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு முதலீட்டு உத்தரவாத முகமை, போர், கலவரம், சொத்துப் பறிமுதல் ஆகியவற்றால் முதலீட்டுக்கு ஏற்படும் இழப்புகளுக்குக் காப்புறுதி வழங்கி வருகிறது. 2017 இல் அக்குழுமம், வறிய மற்றும் பிணக்குள்ள நாடுகளில் தனியார் முதலீட்டை ஊக்குவிக்க 250 கோடி அமெரிக்க டாலர் கொண்ட தனிச் சாளரம் ஒன்றைத் தொடங்கியது.

பழவேற்காட்டுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கையின் நீர்கொழும்புக் களப்பு ஆகும். அங்கும் கழிகளில் வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்கள் சீட்டுக் குலுக்கல் மூலம் பங்கிடப்படுகின்றன. ஆனால் அம்மரபை இலங்கை அரசு 1958 இல் ஒழுங்குவிதிகள் மூலம் ஏற்றுக்கொண்டது. இதனால் இடத்துக்கான உரிமை எழுத்தில் உள்ளது. பழவேற்காட்டில் படகுக்கும் வலைக்கும் எழுத்தில் ஆவணம் உண்டு; அவற்றை இறக்கும் இடத்துக்கு இல்லை.

இவற்றையும் பார்க்க

பழவேற்காடு ஏரி
பாடு (மீன்பிடி முறை)
பட்டினவர்
இருளர்
நீர்கொழும்புக் களப்பு
கெல்திரியாக் கோட்டை